ஒரே குரல், நான்கு பேர்

எங்கள் பண்பலை நிலையத்தில் இப்போது பாட்டுப் போடுவது ஆள் இல்லை, கணினி. அதற்கு ஒரு விதி சொல்லி வைத்திருக்கிறோம்: ஒரு பாடகர் பாடி முடித்தால் அடுத்த ஒரு மணி நேரம் அவர் குரல் வரக் கூடாது. கணினி அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறது. வம்பே அந்த அட்சரத்தில்தான். பட்டியலில் எஸ்.பி.பி. ஓர் ஆள்; எஸ்.பி. பாலசுப்ரமணியம் இன்னோர் ஆள், பாலசுப்பிரமணியம் மூன்றாமவர், புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டவர் நான்காமவர். விதியை மீறாமல் நால்வரும் வரிசையாகப் பாடிவிட்டுப் போகிறார்கள்.

ஆண்டு விஷயமும் இதே கதை. படம் வந்த ஆண்டைக் கேட்கும் கட்டத்தில், பாட்டைக் கணினியில் ஏற்றிய ஆண்டை யாரோ நிரப்பிவிட்டார்கள். 1976-இல் வந்த ‘அன்னக்கிளி’ புத்தம்புதுப் பாடல்கள் வரிசையில் கூவுகிறது. ‘பில்லா’ என்றால் 1980-ஆ, 2007-ஆ என்று கணினி கேட்பதில்லை. ரஜினியும் அஜித்தும் ஒரே படத்தில் நடித்தாயிற்று.

திருத்தலாமே என்கிறீர்களா? உட்கார வைத்திருக்கிறோம், ஒரு பயிற்சி மாணவரை. அவர் பெயரும் பாலசுப்ரமணியம்தான். எந்த எழுத்துக்கூட்டலுக்குச் சம்பளம் வரும் என்பதே இப்போது அவர் கவலை.