பேலன்ஸைப் பறிகொடுப்பது எப்படி?

பிச்சாவரத்தில் படகு தள்ளும் அண்ணன்மாரே, முடசல் ஓடையில் மீன் வாங்கி விற்கும் அக்காமாரே, கிள்ளை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் தம்பிகளே! பாதிப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். மீதியை நான் சொல்லித்தருகிறேன்.

1. திரையில் எது வந்தாலும் ‘ஓகே’ அழுத்துங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் ஒரு முட்டுக்கட்டை போட்டது. காலர் டியூனோ ஜோசியமோ, எதைத் தலையில் கட்டுவதானாலும் உங்களிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டுமாம். அசராதீர்கள். முதல் சம்மதம் உங்களுடையது, இரண்டாவது பேரனுடையது. மாசி மகத் தீர்த்தவாரிக் கூட்டத்தில், ஒரு கையில் செருப்பும் மறுகையில் போனுமாக நிற்கும்போது முயன்றால் விரல் தானாகச் சரியான இடத்தில் விழும்.

2. கணக்குப் பார்க்காதீர்கள். பத்து ரூபாய் டாப்-அப் போட்டால் 7 ரூபாய் 47 காசு பேசலாம். மீதி எங்கே என்று கேட்பது அற்பத்தனம். 28 நாளை மாதம் என்றால் தலையாட்டுங்கள். வருடத்துக்கு 13 மாதம் ரீசார்ஜ் செய்யுங்கள், 12 மாதம் சம்பளம் வாங்குங்கள்.

3. பணம் போனதும் ரீசார்ஜ் கடைத் தம்பியைத் திட்டுங்கள். அவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதனால்தான் அவன் பொருத்தமான ஆள். 155223 என்ற இலவச எண்ணில் சேவையை நிறுத்தலாம். நான் கேட்கவில்லை என்று 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பிடித்த பணமும் திரும்பும். ஆகவே முதல் 24 மணி நேரத்தையும் திட்டுவதிலேயே செலவழியுங்கள்.

4. கஸ்டமர் கேரில் இசை கேளுங்கள். புகார் எண்ணைச் சொல்வார்கள். பேனா தேடுவதாகச் சொல்லிவிட்டு போனை வையுங்கள். எண் கையில் இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. எதற்கு வம்பு?

5. நுகர்வோர் நீதிமன்றம் போனுக்கு இல்லை என்று உறுதியாக நம்புங்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 2022 பிப்ரவரியில், வோடஃபோன் ஐடியா வழக்கில், தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தி வந்த பேப்பரில் பஜ்ஜி எண்ணெயை ஒற்றியிருப்பீர்கள், நல்லது. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இப்படிச் சின்னத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

6. இதுதான் முக்கியமான பாடம். தனித்தனியாகவே இருங்கள். டீக்கடை பெஞ்சில் ஏழு பேருக்கும் ஒரே கம்பெனி அதே 49 ரூபாயைப் பிடித்திருக்கும். ஏழு பேரும் சேர்ந்து திட்டலாம், சேர்ந்து எழுத மட்டும் கூடாது. ஒரே குறை உள்ள பலருக்காக ஒருவரே ஆணையத்தின் அனுமதியோடு வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பெரிய வலையை ஒற்றை ஆளாக இழுத்தவனைக் கடற்கரையில் பைத்தியம் என்பீர்கள். பில் விஷயத்தில் மட்டும் அவரவர் வலையை அவரவரே இழுங்கள். 49 ரூபாய்க்குக் கடலூர் பஸ் செலவு கட்டாது என்று ஏழு பேரும் தனித்தனியே கணக்குப் போட்டு, தனித்தனியே வீட்டுக்குப் போங்கள். கம்பெனியும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறது. இரண்டு தரப்பும் ஒத்துப்போவது அரிது, கெடுத்துவிடாதீர்கள்.

7. அமெரிக்காவைக் காட்டிச் சமாதானம் அடையுங்கள். அங்கே ‘நிர்வாகக் கட்டணம்’ என்று பில்லில் செருகியதற்காக வெரைசான் என்ற போன் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட, கம்பெனி 10 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. பங்கு வேண்டுவோர் 2024 ஏப்ரல் 15க்குள் படிவம் தர வேண்டியிருந்தது. ஆளுக்கு அதிகபட்சம் 100 டாலர்தான். பாருங்கள், அவர்களும் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது!

8. உங்கள் பணம் வீணாகாது. கூடுதலாக வசூலித்து, உரியவரிடம் திருப்பித்தர முடியாமல் போகும் தொகைக்கென்றே 2007 முதல் டிராயின் கீழ் ஒரு நிதி இருக்கிறது. அதன் வட்டியில் தொலைபேசி வாடிக்கையாளர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கான அழைப்பு குறுஞ்செய்தியில் வந்தால், படிக்காமல் ‘ஓகே’ அழுத்துங்கள்.