வீட்டுக்குள் ஆறு பெரும்பொழுது: ஹீட் பம்ப் வைத்திருப்போருக்கு ஒரு கையேடு

இங்கிலாந்தில் காஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு, அரசின் 7,500 பவுண்டு மானியத்தோடு ஹீட் பம்ப் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் குளிர்காலத்தில் உங்களுக்கு வேலையே இருக்காது. சிக்கல் அதுதான். அந்தக் கருவியைச் சும்மா விட்டால் வீடு முழுக்க 20 டிகிரியில் சீராக வைத்துவிட்டுத் தோட்டத்து மூலையில் முனகிக்கொண்டு கிடக்கும். வீட்டுத் தலைவர் தலையிட இடமே இல்லை. ஆகவே முதல் வேலையாக வீட்டைத் தனித்தனியே சூடாக்கும் ஸோன்களாகப் பிரியுங்கள்.

எத்தனை ஸோன்? 150 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது வீட்டில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்கிறது அங்குள்ள கட்டட விதி. இரண்டோடு நிற்பது ரசனைக் குறைவு. பெரும்பொழுது ஆறு, ஸோனும் ஆறாக இருக்கட்டும். தாத்தா அறை முதுவேனில், 23 டிகிரி. வரவேற்பறை இளவேனில். மாடிப்படி கூதிர். யாரும் தங்காத விருந்தினர் அறை பின்பனி, 12 டிகிரி. மற்ற இரண்டையும் பிள்ளைகள் சண்டை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட், எல்லாவற்றுக்கும் கைபேசியில் ஒரு செயலி. அதன் கடவுச்சொல் உங்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது.

இனி பின்பனி அறையின் ரேடியேட்டரை அடைத்துவிட்டு, மிச்சமாகப்போகும் காசை நினைத்து மகிழுங்கள். நடுச்சுவரைப் பற்றி யோசிக்காதீர்கள். குளிர் புகாமல் தடுக்கும் பாதுகாப்பெல்லாம் வெளிச்சுவருக்குத்தான். அறைக்கும் அறைக்கும் நடுவில் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. தாத்தாவின் சூடு நாளெல்லாம் விருந்தினர் அறைக்குக் கசியும். அவர் அறை ரேடியேட்டர் இரண்டு அறைக்குமாக உழைக்க வேண்டும். அதற்கு 35 டிகிரித் தண்ணீர் போதாது, 45, 50 என்று கேட்கும். தண்ணீரின் சூட்டை ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் பம்பின் திறன் ஏறத்தாழ இரண்டு மூன்று சதவீதம் இறங்கும். ஆறு ஸோனில் ஒன்று 50 கேட்டாலும் பம்ப் 50-க்குத்தான் காய்ச்சியாக வேண்டும்.

பாய்லர் காலத்துக் கணக்கு வேறு. அது கேட்டவுடன் 70 டிகிரித் தண்ணீரைக் கொட்டும். ஆளில்லாத அறையை மூடிவைத்தால் உண்மையிலேயே மிச்சம் பிடிக்கலாம். அந்தப் பழைய ஞானத்தைக் கைவிடாதீர்கள், முன்னோர் சொத்து அல்லவா!

அடுத்து, இரவு நிகழ்ச்சி. மற்ற ஐந்து ஸோனும் உறங்கிய பிறகு குளியலறையை மட்டும் சூடு கேட்க வையுங்கள். அங்கே இருப்பது துண்டு காயப்போடும் 500 வாட் ரேடியேட்டர். உங்கள் 8 கிலோவாட் பம்போ எவ்வளவு அடக்கி ஓட்டினாலும் இரண்டு மூன்று கிலோவாட்டுக்குக் கீழே போகாத ஜாதி. கம்ப்ரெசர் கிளம்பும், சில நிமிடத்தில் தண்ணீர் சூடேறிவிடும், நிற்கும். மறுபடி கிளம்பும். விடிய விடிய இதேதான். ஒவ்வொரு கிளம்பலுக்கும் கொஞ்சம் மின்சாரம், கொஞ்சம் ஆயுசு. உறைபனி இரவென்றால் இன்னும் விசேஷம்: வெளிப்பெட்டியில் படிந்த பனிக்கட்டியை உருக்க, பம்ப் வீட்டுக்குள் ஓடும் தண்ணீரிலிருந்தே சூட்டைக் கடன் வாங்கும். ஐந்து ஸோனும் அடைபட்டிருக்க, கடன் கொடுக்கும் பொறுப்பு அந்தத் துண்டு ரேடியேட்டருக்கு.

இதற்கு மருந்தாக பஃபர் டாங்க் ஒன்றை விற்பார்கள். வாங்குங்கள். நடுவில் தொட்டி இருந்தால் கம்ப்ரெசர் சற்று நிதானிக்கும், அது மெய். ஆனால் போகிற சுடுநீரும் திரும்பி வருகிற ஆறிய நீரும் பல தொட்டிகளில் கலந்துவிடும். ரேடியேட்டருக்கு 40 வேண்டுமென்றால் பம்ப் 45 காய்ச்ச வேண்டிவரலாம். ஸோனால் வந்த நோயைத் தொட்டியால் தீர்ப்பது, பிறகு தொட்டியால் வந்ததை மின்கட்டணத்தால் தீர்ப்பது. வியாபாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

விருந்தினர் வெள்ளிக்கிழமை வருகிறாரா? பின்பனியை இளவேனிலாக்கும் பணியைப் புதனன்றே தொடங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டு குளிர்ந்து கிடந்த சுவரைத் தேற்றுவது மெதுவாகத்தான் நடக்கும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் இரண்டு கிலோவாட் விசிறி ஹீட்டர் ஒன்றைச் செருகிவிடுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு தரும் கருவி தோட்டத்தில் இருக்க, ஒன்றுக்கு ஒன்று தரும் கருவி கட்டிலடியில்.

என்றாவது ஒரு நாள் தொழில் தெரிந்த மெக்கானிக் வந்துசேருவார். இவரிடம்தான் எச்சரிக்கை. ரேடியேட்டர் வால்வுகளை எல்லாம் திறந்துவிடுவார். தெர்மோஸ்டாட்டுகளை இரண்டு டிகிரி மேலே தள்ளி, ‘இவை இனி காவலுக்கு மட்டும்’ என்பார். ரேடியேட்டரின் மறுமுனைத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எந்த அறைக்கு எவ்வளவு தண்ணீர் என்று சரிக்கட்டுவார். படுக்கையறை சற்றுக் குளிர வேண்டுமென்றால் அதையும் அந்தத் திருகிலேயே முடித்துவிடுவார். வெளியே குளிரக் குளிரத் தண்ணீர் சூடாகவும், வெளியே இதமானால் வெறும் இளஞ்சூடாகவும் ஓடும்படி, வடக்குச் சுவரின் சென்சாரை நம்பி பம்பிடமே பொறுப்பை ஒப்படைப்பார். ஆறு ஸோனும் ஒரு மதியத்தில் போயிற்று.

தேநீர் கொடுத்து அனுப்பிவைத்துவிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுவென்றுதான் இருக்கும். உடனே போன் போட்டு ‘கெட்டுப்போச்சு’ என்று புகார் சொல்லுங்கள். தாத்தா ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் உலாவிக்கொண்டிருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.