ஒரு பானைக்கு ஆறு சோறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று கண்டுபிடித்தவள் முனைவர் பட்டம் வாங்கியவள் அல்ல. 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பதம் பார்க்கத் தெரிந்த ஒருத்திதான் இல்லை.

பாரெக்ஸல் நிறுவனம் அங்கே நடத்திய சோதனைப் பிரிவில் எட்டு ஆண்கள் படுத்திருந்தார்கள். யாருக்கும் ஒரு நோயும் கிடையாது. அதுதான் அவர்களுடைய தகுதி; கூலி ஆளுக்கு 2,000 பவுண்டு. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரிலிருந்த டெஜெனெரோ கம்பெனி, முடக்குவாதம் போன்ற நோய்களுக்கென்று டிஜிஎன்1412 என்றொரு மருந்து செய்திருந்தது. நோய் எதிர்ப்புப் படையில் கலகத்தை அடக்கும் அணுக்களை அது தட்டி எழுப்புமாம். கலகக்காரர்களும் அதே கொட்டகையில்தான் தூங்குகிறார்கள் என்ற சங்கதியை விட்டுவிட்டார்கள்.

மனிதருக்குக் கொடுப்பது குரங்குக்கு ஏற்றியதில் 500-இல் ஒரு பங்குதானே, பயம் எதற்கு? குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லையே! ஆகாதுதான். மனித உடம்பில் கொந்தளித்த அந்தக் கலகக்காரர்களில், அதாவது நினைவு டி செல்கள் என்ற அணுக்களில், மருந்து பற்றிக்கொள்ள சிடி28 என்ற கொக்கி உண்டு. குரங்கின் அதே செல்களில் அது கிடையாது. இது தெரியவந்தது சில ஆண்டுகள் கழித்து.

காலை எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஆள் சுமார் பத்து நிமிட இடைவெளி. பத்து நிமிடம்! நம் ஊர் டீக்கடையில் ஒரு கிளாஸ் டீயை அதைவிட நிதானமாகக் குடிப்பார்கள். முதல் ஆளுக்குத் தலைவலி வருமுன் ஆறு பேருக்கும் மருந்து ஏறி முடிந்திருந்தது. மற்ற இருவருக்குப் போனது வெறும் உப்புநீர். அவர்கள் படுத்தபடி வேடிக்கை பார்த்தார்கள். முதுகுவலி, வாந்தி, நடுக்கம், காய்ச்சல், பிறகு உறுப்புகள் வரிசையாகச் செயலிழப்பு. ஒரு நாளுக்குள் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் தப்பினார்கள், ஒருவர் விரல்களைப் பறிகொடுத்தார்.

விசாரித்த பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தில் கலப்படம் இல்லை, அளவில் பிழை இல்லை, எல்லாம் அனுமதித்த திட்டப்படியே நடந்தது என்றது. இதைவிடக் கேவலமான நற்சான்றிதழ் உண்டா? அந்தப் பத்து நிமிடத்துக்கும் அனுமதி முத்திரை குத்தியது யார் கை? அந்தக் கையின் விரல்கள் ஐந்தும் பத்திரமாகவே இருக்கின்றன.

ஜூலைக்குள் டெஜெனெரோ திவால். அதன் காப்பீடு மொத்தமே 20 லட்சம் பவுண்டு. டிசம்பரில் பேராசிரியர் கார்டன் டஃப் தலைமையிலான நிபுணர் குழு 22 பரிந்துரைகள் தந்தது. அவற்றில் ஒன்று: புது மருந்தை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துப் பொறுத்துப் பாருங்கள்.

மருந்து சாகவில்லை. டிஏபி08 என்று பெயரை மாற்றிக்கொண்டு ரஷ்யாவில் மறுபடி மனித உடம்பேறியது. தொடங்கிய அளவு, லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு.