கரண்ட் ஆபீஸ் சார்

முத்தியால்பேட்டையில் ஒரு தெரு, இரவு பத்தேகால். "சார், கரண்ட் இல்லை. கொஞ்சம் வந்து பாருங்களேன்!" எதிர்வீட்டு அம்மா கேட்டைத் தட்டுகிறார். தெருவிளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டில் சீரியல் ஓடுகிறது. இருட்டு அவர் வீட்டில் மட்டும்தான். இருந்தாலும், கரண்ட் ஆபீஸ்காரர் எதிரிலேயே குடியிருக்கும்போது காரணம் தேடுவானேன்?

சார் புதுச்சேரி மின்துறையின் தலைமை அலுவலகத்தில் கட்டணக் கோப்பு பார்ப்பவர். கம்பம் ஏறியதில்லை. ஏணி ஏறியதே வீட்டில் ஒட்டடை அடிக்கத்தான். மின்சாரத்தை அவர் யூனிட்டாகவும் ரூபாயாகவும் மட்டுமே பார்த்திருக்கிறார்.

அந்தக் கணக்கும் லேசுப்பட்டதல்ல. புதுச்சேரிக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி நெய்வேலி, கல்பாக்கம் என்று வெளியிலிருந்து வாங்குவது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ளக் காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. கொல்லையில் ஒரு முருங்கை மரம் மாதிரி. மற்ற காய்கறிக்கெல்லாம் சந்தைதான்.

போதாததற்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் வேறு. மாஹே 600 கிலோமீட்டருக்கு அப்பால், கேரளத்துக்குள். அதற்கு மின்சாரம் தருவது கேரள மின்வாரியம். ஏனாம் 800 கிலோமீட்டருக்கு அப்பால், ஆந்திரத்துக்குள். அங்கே ஆந்திரத்து மின்சாரம். கோதாவரிக் கரையில் புயல் அடித்தால் புதுச்சேரியில் போன் அடிக்கும். சாருக்கு மலையாளம் 'சேட்டா'வோடு சரி, தெலுங்கு சினிமாப் பாட்டோடு சரி.

நவம்பர் வந்தால் கேட்கவே வேண்டாம். 1ஆம் தேதி விடுதலை நாள். 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய நாள் என்பதால் விடுமுறை. 30ஆம் தேதிக்குள் அடுத்த ஆண்டுக் கட்டண மனு குர்கானில் இருக்கும் இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போயாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே அடைமழை. பக்கம் பக்கமாக அட்டவணை தயாரித்து, அப்புறம் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால், வருகிறவர்கள் கையில் இருப்பது ஒரே காகிதம்: அவரவர் வீட்டு பில்.

"நீங்க கவர்மென்டா, கம்பெனியா சார்?" என்பது டீக்கடைக் கேள்வி. மின்துறை அரசுத் துறைதான். யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாரிடம் விடப்போவதாக 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. 2022 செப்டம்பர் இறுதியில் டெண்டர் அறிவிப்பும் வர, ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டீக்கடைக்காரருக்கு இருந்த கவலையே வேறு. "கம்பெனி ஆயிட்டா கோட்டு தைக்கணுமே சார், இந்த வெயிலுக்குத் தாங்குமா?"

சார் டார்ச்சோடு எதிர்வீட்டுக்குப் போனார். மெயின் பெட்டிக்கு மூன்றடி தள்ளி, மரியாதையான தூரத்தில் நின்றார். "ம்…" என்றார். அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கீழே விழுந்திருந்த டிரிப் சுவிட்சை மேலே தள்ளினான் பாலிடெக்னிக் படிக்கும் பேரன். ஃபேன் சுற்றத் தொடங்கியது.

மறுநாள் தண்ணீர் லாரிக்கு நின்றவர்களிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "சார் வந்து நின்னாரு பாரு, கரண்ட் வந்துடுச்சு!"