நேர்கோட்டில் ஓடிய குதிரை

எண்பதுகளின் நடுவில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்த எங்களுக்குப் பரிணாமத் தாள் என்றால் கொண்டாட்டம். உயிர்வேதியியல் மாதிரி கழுத்தை அறுக்காது. கதை எழுதினால் மார்க் விழும். லாமார்க்கின் ஒட்டகச்சிவிங்கி, டார்வினின் குருவிகள், மான்செஸ்டர் ஆலைப் புகையால் பெருகிய கறுப்பு அந்துப்பூச்சி. சீனியரின் நோட்ஸைப் பார்த்து ஜூனியர் எழுதுவார். அவரிடமிருந்து அடுத்த செட். எவரோ தவறவிட்ட ஒரு வரி அதற்குப் பின் வந்த யாருடைய நோட்டிலும் இருக்காது. பரிணாமத்துக்கு அதைவிட நல்ல செய்முறை விளக்கம் எங்கள் துறையில் நடக்கவில்லை.

ரெக்கார்டு நோட்டில் குதிரை வரைவோம். நாய்க்குட்டி அளவு இயோஹிப்பஸ் முதல் ஈக்வஸ் வரை, அணிவகுப்பாக. முன்னங்கால் விரல் நான்கு, மூன்று, ஒன்று. அது நேர்கோடல்ல, கிளைகள் மண்டிய புதர் என்று ஜி.ஜி. சிம்ப்சன் 1951லேயே எழுதிவிட்டார். புதர் வரைய ரெக்கார்டில் இடமேது?

வாய்மொழித் தேர்வில் நண்பனிடம், குதிரைக்கு விரல் ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். “வேகமா ஓடணும்ல சார், அதான் குறைச்சுக்கிச்சு.” டார்வின் தாளுக்கு லாமார்க் பதில். வெளித்தேர்வாளர் தலையாட்டினார், முழு மார்க்.

ஆய்வகத்தில் ரவை, வெல்லம், அகர் சேர்த்துக் காய்ச்சிய கூழில் பழ ஈக்கள் வளரும். ஈதரில் மயக்கி, தூரிகையால் சிவப்புக் கண், வெள்ளைக் கண் என்று ஒதுக்குவோம். ஈதர் சற்றுக் கூடினால் இறக்கை விறைத்து மேலே தூக்கிக்கொள்ளும். அந்த ஈ அப்புறம் எழாது. விகிதம் இடித்தால் ஈயைத் திருத்த முடியாது, எண்ணைத் திருத்தலாம். எல்லார் ரெக்கார்டிலும் 3:1 அச்சாக வந்தது.

இப்போது வெளித்தேர்வாளராக நானே போகிறேன். ஈதர் வாடையும் இல்லை, ஈயும் இல்லை. ஜென்பேங்கிலிருந்து டி.என்.ஏ. வரிசைகளை இறக்கி, ‘மெகா’ மென்பொருளில் போட்டு, டீ ஆறுவதற்குள் பரிணாம மரத்தை வரைந்துவிடுகிறார்கள். அணிவகுப்பு போய்க் கிளைகள் வந்ததில் எனக்குப் பரம திருப்தி.

ஒரு மாணவியின் மரத்தில், மனிதனும் சிம்பன்சியும் சேரும் கணுவில் 98 என்றிருந்தது. “இது என்னம்மா?”

“நமக்கும் சிம்பன்சிக்கும் 98 சதவீதம் ஒத்துப்போகுது சார்.”

அது பூட்ஸ்ட்ராப் மதிப்பு. 1985இல் ஃபெல்சென்ஸ்டைன் பரிணாம மரங்களுக்குக் கொண்டுவந்த முறை. இருக்கும் தரவிலிருந்தே மாற்றி மாற்றிப் பொறுக்கி மரத்தைத் திரும்பத் திரும்பக் கட்டினால், அந்தக் கிளை நூற்றுக்கு எத்தனை தடவை அமைகிறது என்ற கணக்கு. உறவின் அளவல்ல, மரத்தின் மேல் வைக்கக்கூடிய நம்பிக்கை.

“இப்படின்னு யாரும்மா சொன்னது?”

“சீனியர் பிபிடில இருக்கு சார்.”

துறைத்தலைவர் என் காதருகே குனிந்தார். “தர மதிப்பீட்டுக் குழு வருதுங்க சார். தேர்ச்சி சதவீதம் மட்டும் குறையாமப் பாத்துக்கங்க.”

சூழலுக்குத் தோதான பதில் பிழைத்துக்கொண்டது.