சைலன்சர் கரி தண்ணீருக்கு ஆகுமா?

கேள்வி: வள்ளத்து டீசல் எஞ்சினின் சைலன்சரில் படியும் கரியை வழித்து, கிணற்றுத் தண்ணீரை வடிக்கலாமா? (கல்லடி வாசகர்)

பதில்: வழிக்கலாம், வடிக்க வேண்டாம்.

அந்தக் கரியோடு எண்ணெய்ப் பிசுக்கும் பென்சோபைரீன் போன்ற நஞ்சுகளும் ஒட்டிக்கொண்டே வரும். டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்துவிட்டது. விரலில் பட்டால் சவர்க்காரத்துக்கே அடங்காத கறுப்பு, குடத்துக்குள் போய் நல்லபிள்ளை ஆகுமா என்ன?

ஆனாலும் கரி வீணில்லை. புகைக்கரிக்குத் தண்ணீரோடு பகை, எண்ணெயோடு உறவு. கரி பூசிய ஸ்பொஞ்சு, நீரில் மிதக்கும் எண்ணெயை மட்டும் உறிஞ்சுவதை ஆய்வுகூடங்களில் பார்த்திருக்கிறார்கள். 56 கிலோமீற்றர் நீள மட்டக்களப்பு வாவியில், வள்ளத்துறையில் வானவில் காட்டும் டீசல் படலத்துக்கு இது தோதான யோசனை. பெங்களூரின் கிராவிக்கி நிறுவனமோ புகைக்கரியைச் சுத்திகரித்து எழுதும் மையாக்கியது.

குடிதண்ணீரை வடிக்க வேண்டியது நுண்துளையுள்ள கரி. சிரட்டைக்கரியில் 900 பாகை செல்சியஸ் வாக்கில் நீராவி பாய்ச்சினால், ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீற்றர் பரப்பு திறக்கும். 1973இல் தொடங்கிய இலங்கையின் ஹேகார்ப் நிறுவனம் அந்தக் கரியைத்தான் உலகெங்கும் விற்கிறது. அடுப்புக்கரிக்கு அந்த யோகம் கிடையாது.

சிரட்டைக்கரியும் நிறம், நாற்றம், இரசாயனத்தைத்தான் பிடிக்கும். கிருமிக்குக் கேத்தலைத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.