சார்ஜர் ஒயரின் வாயை அடைத்தல் குறித்து

காஞ்சியின் பெருமையை எழுதப் புகுந்த வித்துவான்கள் கோபுரங்களை அளந்தார்கள், கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள், 1931-ஆம் ஆண்டில் ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுக்காரர் கைலாசநாதர் கோயிலின் சுண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்துகிடந்த பல்லவர் காலத்து ஓவியங்களையும் கண்டெடுத்துவிட்டார். ஆனால், பிள்ளையார்பாளையத்து வீடுகளில் தறிக்குழிக்கு மேலே, குழல்விளக்குக்குப் பக்கத்துச் சுவிட்சுப் பலகையிலிருந்து, பாவின்மேல் படாதவாறு ஆணியில் சுற்றித் தொங்கவிடப்பட்டிருக்கும் செல்போன் ஒயரைப் பற்றி, அது கறுப்பா வெள்ளையா என்ற அளவுக்கேனும் ஒரு குறிப்பெழுதி வைத்தவர் எவருமிலர். அப்பெருங்குறையை ஒருவாறு நீக்கவும், குறிப்பாக அவ்வொயரின் தோலையுரித்து, உள்ளிருக்கும் இழைகளில் இரண்டை அறுத்து முறுக்கி, போனுக்கு விரைந்து சார்ஜ் ஏறும்படி செய்யும் வித்தையின் தத்துவத்தை உலகுக்கு உரைக்கவும் எழுந்ததே இவ்வாராய்ச்சி.

இவ்வித்தைக்கு உரிய காலம் மின்வெட்டுக் காலம். 2012-ஆம் ஆண்டை மறவாதவர்கள் அறிவார்கள். சென்னை நீங்கலான மாவட்டங்களில் மின்சாரம் என்பது வந்து தங்கும் விருந்தாளி அன்று, வாசலில் நின்று தலையைக் காட்டிவிட்டுப் போகும் உறவுக்காரன். கைத்தறிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை என்று மேடையில் பெருமை பேசுவது எளிது. குழியில் இறங்கி உட்கார்ந்தவனுக்கு விளக்கு வேண்டும், விளக்கு அணைந்தபோது பேச்சுத்துணைக்குப் போன் வேண்டும், ஜரிகை வந்ததா இல்லையா என்று முதலாளி வீட்டில் கேட்பதற்கும் அதுவே வேண்டும். ஆகவே, கிடைத்த ஒரு மணிக்குள் எவ்வளவு ஏற்றலாம் என்பதும், அதுவும் தப்பியபின், யு.பி.எஸ். புண்ணியத்தில் உயிரோடிருக்கும் பிரவுசிங் சென்டர்க் கணினியின் துளையில் செருகி எவ்வளவு கறக்கலாம் என்பதும் அந்நாளில் ஊரெல்லாம் விவாதிக்கப்பட்ட பொருளாதாரப் பிரச்சினைகளாக இருந்தன. கணினியில் செருகிய போனோ, அரை நாள் கழிந்தும் பாதி நிறையாமல் பல்லிளித்தது.

காரணத்தைக் காண ஒயரைத் திறக்கவேண்டும். அக்காலத்து மைக்ரோ யு.எஸ்.பி. ஒயரின் உறையைக் கீறினால், ஈயநிறத் தகட்டுக்குள் நான்கு இழைகள் தென்படும். சிவப்பு, 5 வோல்ட்டைக் கொண்டுவருவது, கறுப்பு, மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி, இவ்விரண்டும் உழைப்பாளிகள். பச்சையும் வெள்ளையும் பேச்சாளர்கள். போன் கணினியோடு சேர்ந்த கணத்தில், 100 மில்லியாம்பியர் மட்டும் எடுத்துக்கொண்டு அடக்கமாக நின்று, பச்சை வெள்ளை வழியே தான் இன்னார் என்று விண்ணப்பித்து, அனுமதி கிடைத்தபின் 500 மில்லியாம்பியர் வரை அருந்தலாம் என்பது யு.எஸ்.பி. இரண்டாம் பதிப்பின் சட்டம். சுவரில் மாட்டும் சார்ஜரிலோ அனுமதி தருவதற்கு ஆளில்லை. எனவே 2006 இறுதியில் சீனத்தில் வகுக்கப்பட்ட விதியும், 2007-இல் வெளியாகி 2010-இல் திருத்தம் பெற்ற யு.எஸ்.பி. பாட்டரி விதியும் ஒரு சங்கேதத்தை ஏற்படுத்தின: சார்ஜருக்குள்ளேயே பச்சைக்கும் வெள்ளைக்கும் உரிய இரு தடங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும், இணைப்பைத் தடவிக் கண்ட போன், எதிரே இருப்பது சுவர் சார்ஜர் என்று தெளிந்து, ஒன்றரை ஆம்பியர் வரையில் கூச்சமின்றி இழுத்துக்கொள்ளும்.

வித்தையின் ரகசியம் இவ்வளவே. பச்சையையும் வெள்ளையையும் நடுவில் அறுத்து, கணினிப் பக்கத்து முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி மூளியாக விட்டு, போன் பக்கத்து முனைகளை ஒன்றோடொன்று முறுக்கி ஈயம் வைத்துவிட்டால், கணினியில் செருகினாலும் போன் தான் சுவரில் செருகப்பட்டிருப்பதாகவே கருதிக்கொள்ளும். சிவப்பையும் கறுப்பையும் தொடலாகாது.

இங்கே நம் ஊரின் பழம்பெருமை குறுக்கிடுகிறது. பௌத்த தர்க்கத்தின் பிதா எனப்படும் திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு; அவர் ஒப்புக்கொண்ட பிரமாணங்கள் பிரத்தியக்ஷம், அனுமானம் என்னும் இரண்டே. மணிமேகலை அறவண அடிகளிடம் ஹேதுவின், அதாவது அனுமானத்துக்குரிய காரணக் குறியின், இலக்கணத்தையும் அதன் போலிகளையும் கேட்டறிந்ததும் இந்தக் காஞ்சியிலேதான். அத்தகைய ஊரில் இருந்துகொண்டு செல்போனின் ஞானத்தைச் சோதியாமல் விடுவது தகாது. சுவர் சார்ஜரைப் போன் கண்ணால் காண்பதில்லை. ஆகவே பிரத்தியக்ஷம் அதற்கு இல்லை. இரு தடங்கள் இணைந்திருத்தல் என்னும் ஹேதுவைக் கொண்டு, புகையால் நெருப்பை அறிவதுபோல், அது சார்ஜரை அனுமானிக்கிறது. அந்த ஹேது சார்ஜர்களாகிய சபக்ஷத்தில் இருக்கவேண்டும், கணினிகளாகிய விபக்ஷத்தில் இல்லாதிருக்கவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் ஒயர்களையே உலகம் பயன்படுத்தும் வரையில் இந்த அனுமானத்துக்குக் குறையில்லை. ஆனால் பிளேடும் டேப்புமாகக் கடைத்திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ரிப்பேர் கடைப் பையன், இணைப்பைச் சார்ஜரிலிருந்து பிரித்து ஒயரின்மேல் ஏற்றிவிட்ட அந்த நொடியில், ஹேது விபக்ஷத்திலும் புகுந்து, அநைகாந்திகம் என்னும் போலியாகிவிடுகிறது. அதாவது, போனின் அனுமானம் தவறு. ஆனால் அதன் வயிறு நிறைகிறது. தவறான அனுமானத்தால் சரியான பயன் விளைவதே இந்நிலையின் வேடிக்கை.

பூர்வபக்ஷம் சொல்வோரும் இல்லாமலில்லை. "ஏம்பா, ஒயரை அறுத்தா சார்ஜ் ஜாஸ்தி ஏறுதுன்னா, பாவை அறுத்தா சேலை நீளமாயிடுமா?" என்று கேட்கும் முதிய நெசவாளருக்கு, "ஒயரு ஒண்ணும் தள்ளல மாமா, போன்தான் இழுக்குது" என்று பையன் சொல்லும் விடை, பாடப்புத்தகத்தில் அச்சிடத்தக்கது. மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது போனுக்குள் இருக்கும் சில்லு. ஒயர் எவ்வளவு சாதுவானதாயினும் முரடானதாயினும் ஒரு துளியையும் அதற்குள் திணிக்க வல்லதன்று. லித்தியம் பாட்டரி 4.2 வோல்ட்டை நெருங்கியபின் சில்லு தானே கையைச் சுருக்கிக்கொள்ளும்; கடைசிப் பகுதி எந்த ஒயரிலும் ஆமை வேகத்தில் ஏறுவது இதனாலேயே. கணினியின் துளைக்கு ஆபத்தில்லையா எனின், உண்டு. அதன் கடமை 500 மில்லியாம்பியர் மட்டுமே, மேலே கேட்டால் சில கணினிகள் தரும், சில துளையை அடைத்துவிடும். பிரவுசிங் சென்டர்க்காரர் கண்ணில் படாமல் இச்சோதனையை நடத்தவேண்டும் என்பதற்கு வேறு காரணம் கூறவேண்டியதில்லை.

வாயடைத்த ஒயருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பேச்சிழைகள் இல்லாமையால், பொதுவிடத்துச் சார்ஜ் துளைகள் வழியே போனிலுள்ள ரகசியங்களைக் களவாடுவோர்க்கு அது கதவைச் சாத்திவிடுகிறது. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட எச்சரிக்கைப் புத்தகத்தில் இக்களவும் இடம்பெற்றுள்ளது.

ஆப்பிள் நிறுவனத்தார் இவ்விஷயத்தில் வேறு கட்சி. அவர்களுடைய பழைய சார்ஜர்களில் இரு தடங்களும் இணைவதில்லை. ஒன்றில் 2 வோல்ட், மற்றதில் 2.7 வோல்ட் என்று வேறுபட்டு நிற்கும். எது எதில் என்பதைக் கொண்டு, சார்ஜர் ஓர் ஆம்பியருக்கு உரியதா 2.1 ஆம்பியருக்கு உரியதா என்று கருவி உணரும். 2010-இல் வந்த ஐபேடைச் சாதாரணக் கணினியில் செருகியோர், சார்ஜ் ஆகவில்லை என்று அது நெற்றியில் எழுதிக் காட்டக் கண்டு கலங்கியது இச்சங்கேதம் கிட்டாமையாலேயே. அதனை ஏமாற்ற வெறும் முறுக்கு போதாது. நான்கு மின்தடைகளை அளந்து வைத்துப் பற்றவேண்டும். இரண்டும் ஒன்றே என்னும் கட்சிக்கும், இரண்டும் வேறே என்னும் கட்சிக்கும் காஞ்சிபுரம் பழகிய ஊராதலால், இதில் தீர்ப்புச் சொல்லும் துணிவு எமக்கில்லை. ஐபோன்கள் இப்போது நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்திலேயே செய்யப்படுகின்றன என்பதால் நடுநிலைமையும் கடினம்.

இனி, இவ்வித்தை எவ்வாறு வீழ்ந்தது என்பதைச் சொல்லவேண்டும். 2014-க்குப் பிறகு குவால்காம் நிறுவனத்தின் குயிக் சார்ஜ் இரண்டாம் பதிப்பு போன்களில் பரவியபோது, பச்சையும் வெள்ளையும் புதிய மரியாதை பெற்றன. போன் அவ்விழைகளின் வழியே, 5 வோல்ட் போதாது, 9 வோல்ட் தருக என்று சார்ஜரிடம் கேட்கத் தொடங்கிற்று. 18 வாட் திறனை 5 வோல்ட்டில் அனுப்ப 3.6 ஆம்பியர் ஓடவேண்டும். 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். ஓட்டம் குறைந்தால் ஒயரில் வீணாவதும் குறையும். மின்வாரியத்தார் வயல்வெளியில் உயர்கோபுரம் நட்டு ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அனுப்புவதும் இந்த நியாயத்தாலேயே. இச்சார்ஜர்களில் வாயடைத்த ஒயரைச் செருகினால், கேட்க நாவின்றிப் போன் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். ஆக, அறுத்ததனால் வேகம் பெற்ற அதே ஒயர், சில ஆண்டுகளுக்குள் அறுத்ததனாலேயே வேகம் இழந்தது. பெட்டியில் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருப்போர், புதிய போன் மெதுவாக ஏறுகிறதென்று கடைக்காரரை வைவதை நிறுத்துக.

பேசினாலும் பேசாவிட்டாலும் மாறாத விதி ஒன்றுண்டு; அது 1827-இல் ஓம் என்னும் ஜெர்மானியர் அச்சிட்டது. 28 கேஜ் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை தரும். போகவும் வரவுமாக 0.42. அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் வழியிலேயே செலவாகி, 5 வோல்ட்டுக்குப் பதிலாக 4.16 மட்டுமே போனின் வாசலை அடையும், 4.2 வோல்ட் பாட்டரியை அதனால் நிரப்பமுடியாதென்று கண்ட சில்லு, இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 24 கேஜானால் இழப்பு 0.34 வோல்ட், 20 கேஜானால் 0.13. எண் ஏற ஏறக் கம்பி மெலியும். பருத்தி நூலின் கவுண்டை அறிந்த நெசவாளருக்கு இது விளங்கும், பட்டின் டெனியரையே அறிந்தவரைக் குழப்பும். நல்ல ஒயர் பலவற்றின் உறைமேல், பேச்சிழைக்கு 28, மின்னிழைக்கு 24 என்ற கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிப்பார் இல்லை.

இங்கேதான் காஞ்சிபுரத்தாரின் நடத்தை எமக்கு வியப்பூட்டுகிறது. காந்தி ரோட்டுக் கடையில் சேலையை விரித்தவுடன், ஜரிகையில் ஓரிழையைப் பிரித்து நகத்தால் சுரண்டி, பொன் போய் வெள்ளி தெரிகிறதா, வெள்ளி போய்ச் சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்க்கும் கண்கள் இவை. எக்ஸ்-கதிர் பாய்ச்சி ஜரிகையின் உலோகக் கணக்கைச் சொல்லும் கருவியும் நகரில் உண்டு. அதே கண்கள், பேருந்து நிலையத்து நடைபாதையில் ஒயர் வாங்கும்போது, நைலான் பின்னல் உறையின் நிறப்பொருத்தத்தை மட்டும் பார்த்து மயங்கிவிடுகின்றன. உள்ளே இருப்பதோ, பலமுறை, செம்பு முலாம் பூசிய அலுமினியம். மின்னைக் கடத்துவதில் அது செம்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுவதில்லை. ஜரிகைக்குச் செய்யும் சோதனையையே இதற்கும் செய்யலாம், ஆனால் தீர்ப்பைத் திருப்பிச் சொல்லவேண்டும்: ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிவது அசல், கம்பியைச் சுரண்டினால் சிவப்புக்கு உள்ளே வெண்மை தெரிவது போலி. மேலே வெண்மையும் உள்ளே சிவப்புமாயின் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, அஞ்சவேண்டா. ஒரு மயிரிழையை லைட்டர் சுடரில் காட்டினாலும் உண்மை வெளிப்படும்: அலுமினியம் உருகிக் கருகி உதிரும், செம்பு சிவந்து நிற்கும்.

ஜரிகையையே ஒயராக்கினால் என்ன என்று ஊர்ப்பற்று மிக்கோர் கேட்கக்கூடும். கேள்வி பேதைமையானதன்று. மின்கடத்தலில் வெள்ளி செம்பையும் வென்ற உலோகம். மேலும், நூலின்மேல் தட்டையான உலோக நாடாவைச் சுற்றும் ஜரிகையின் அமைப்பும், பழைய தொலைபேசிக் கைப்பிடியின் சுருள் ஒயருக்குள்ளும் காதில் மாட்டும் கருவியின் ஒயருக்குள்ளும் இருக்கும் அமைப்பும் ஒன்றே. அங்கே பட்டுக்குப் பதில் சாதாரண இழை, வெள்ளிக்குப் பதில் செம்பு, அவ்வளவுதான். எத்தனை முறை மடக்கினும் ஒடியாமைக்காக அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஜரிகையின் உலோகத் தகடு மிகமிக மெல்லியது. போன் ஏற்றும் மின்னோட்டத்துக்கு ஒரு கரையளவு ஜரிகையைச் சேர்த்து முறுக்கவேண்டிவரும். அச்செலவில் பல போன்கள் வாங்கலாம்.

முடிவாக, பிளேடு எடுக்கத் துடிக்கும் வாசகருக்கு ஒரு விண்ணப்பம். இக்கட்டுரையிற் கூறியதெல்லாம் நான்கிழைப் பழைய ஒயருக்கே உரியது. டைப்-சி ஒயர், எந்தப் பக்கம் மேலே என்னும் நெடுநாள் வழக்கைத் தள்ளுபடி செய்ததற்காகப் போற்றத்தக்கதாயினும், மறுமுனை பழைய யு.எஸ்.பி. வடிவினதாயின், தன் தலைக்குள் 56 ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை ஒளித்து வைத்து, எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதன்மூலமே போனுக்குச் சொல்கிறது. அவ்விடத்தில் 10 ஆயிரம் ஓம் வைத்தால் போன் 3 ஆம்பியர் கேட்டு, கொடுக்கும் துளையைத் திணறடிக்கும். 2015 இறுதியில் கடைகளில் விற்ற இத்தகைய ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியிட்ட கூகுள் பொறியாளர் பென்சன் லியுங், 2016 பிப்ரவரியில் நேர்முனையும் எதிர்முனையும் மாறிக் கட்டப்பட்ட ஓர் ஒயரைச் செருகியதில் தம் மடிக்கணினியையே இழந்தார். பழகுவதற்கு வீட்டுப் பரணில் மைக்ரோ ஒயர்கள் எத்தனையோ கிடக்கும், அவற்றை அறுங்கள். டைப்-சியை அறுக்காதீர்கள், நீளம் குறைந்ததாய், கம்பி தடித்ததாய்ப் பார்த்து வாங்குங்கள்.